இறுப்பிட்டிக் கிணறு இனிக்கிறது

6

மூன்றாவது தடவையாகவும் தண்ணீர் இனித்தது.

பைரவி வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். உப்பு இல்லை, சவர் இல்லை, நாக்கில் ஒட்டுகிற மாதிரி ஒன்றுமே இல்லை. சனிக்கிழமை சொல்லிவிட்டு வந்தபோது இனித்தது. திங்கட்கிழமை சொல்லாமல் வந்தபோதும் இனித்தது. இன்று புதன்கிழமை, வீட்டுக்காரர் பல் விளக்கி முடிக்க முதலே வந்து நின்றும் இனிக்கிறது. கிணறு நல்ல தண்ணீர் தருகிறதே என்று வயிறு எரிகிற மனுஷி புங்குடுதீவு முழுக்கத் தேடினாலும் தான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தபோது அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"பிள்ளை, தாகத்துக்குக் குடிக்கிறீரோ, துப்பறியக் குடிக்கிறீரோ?" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "இது நாலாவது வாளி. இனி உமக்குள்ளதான் நீர்மட்டம் அளக்கவேணும்."

"அண்ணை, கொஞ்ச நேரம் வாயை மூடுறியளோ?"

"மூடலாம். ஆனா நான் வாயை மூடினா நீர் தனியக் கதைக்கத் தொடங்கிடுவீர். சனம் வேற மாதிரி நினைக்கும்."

பஸ்ரியாம்பிள்ளை ஊர்காவற்றுறைக்காரர். ஐம்பத்தாறு வயது. பெயருக்கு அவர் பைரவியின் ஓட்டோச் சாரதி. யாழ்ப்பாணத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசையும் இரண்டு கதிரையும் போட்டு பைரவி தனியார் விசாரணை அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து, அவள் போகிற இடமெல்லாம் அவரும் போகிறார். ஓட்டத்துக்குத்தான் அவள் கூலி கொடுக்கிறாள். வாயை அவர் இலவசமாகத் தருகிறார், வேண்டாம் என்றாலும் தருகிறார்.

பதினொரு வருடம் காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவள் பைரவி. எரிந்த கடை, கவிழ்ந்த லொறி, செத்ததாகச் சொல்லப்பட்டு சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற மனிதர், எல்லாம் பார்த்தவள். அப்படிப்பட்டவளை ஒரு கிணறு மூன்று நாளாக ஆட்டுவிக்கிறது.

வேலையைக் கொடுத்தவள் தர்சனா ரீச்சர். கஷ்டப் பிரதேச சேவை என்று அவளைப் புங்குடுதீவில் இறுப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஐந்து வருடம், தப்ப வழியில்லை. புருசன் சயந்தனுக்கு இரண்டு சிறுநீரகமும் அரைவாசி வேலைதான் செய்கின்றன. போன மாதம் அவள் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்த நேரத்தில் அவன் யாழ்ப்பாணத்து வாடகை வீட்டில் குசினி வாசலில் மயங்கி விழுந்து, இரண்டு மணித்தியாலம் அப்படியே கிடந்திருக்கிறான். இந்த வீட்டை வாங்கி அவனைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கவேண்டும். ஆனால் உப்புத் தண்ணீர் வாயில் படக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கிணறு சரியெண்டா வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கையெழுத்து வைக்கிறம், அக்கா," என்று அவள் சொல்லியிருந்தாள். "கிணறு பிழையெண்டா அவரை அங்க கொண்டுபோகேலாது. எங்களிட்டை இருக்கிறதெல்லாம் இந்த ஒரு வீட்டுக்குள்ள போகுது. ரெண்டாம் தரம் வாங்க ஏலாது."

கிணற்றில் பார்க்கவேண்டியதையெல்லாம் பைரவி பார்த்துவிட்டாள். போத்தலில் தண்ணீர் எடுத்து இரண்டு இடத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினாள். இரண்டும் நல்ல தண்ணீர் என்றே வந்தன. மலசலகூடக் குழியிலிருந்து கிணறு வரைக்கும் அடி வைத்து அளந்தாள். போதிய தூரம். கட்டு வெடித்திருக்கிறதா, உட்சுவர்க் கல் கழன்றிருக்கிறதா, வெயில் காலத்தில் அடி தெரியுமா என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது.

அவளைக் குடைந்தது ஒரே ஒரு விசயம். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் அது தனி வீட்டுக் கிணறாக இருக்காது. காலையிலும் பின்னேரமும் படலையில் குடங்களும் கான்களும் வரிசையில் நிற்கும். சனம் நடந்து நடந்து வளவுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கும். இங்கே அந்தப் பாதை இருந்த தடம் இருக்கிறது. ஆனால் அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கிறது. இனிக்கிற கிணற்றை விட்டுவிட்டு ஊர் ஏன் சந்திக் குழாயில் வரிசை நிற்கிறது?

அயலில் கேட்டுப் பார்த்தாள். "அது நல்ல கிணறுதான், பிள்ளை," என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதே வசனம், அதே சுருதியில். ஒருவருடைய காணி விற்பனையைக் குழப்பினவர் என்ற பெயரை எடுக்க இந்த ஊரில் ஆருக்கும் விருப்பமில்லை. பொய்யும் சொல்லமாட்டார்கள், உண்மையையும் சொல்லமாட்டார்கள். இப்படிப்பட்ட நல்ல சனத்தை வைத்துக்கொண்டு ஒரு துப்பறிவாளர் என்னத்தைக் கிழிக்கிறது?

ஆள் வருகிற நாளில் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து கிணற்றில் ஊற்றுகிறார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அதற்காகத்தான் திங்கட்கிழமை, வாளி தண்ணீரைத் தொடுகிற இடத்தில், கயிற்றில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டுப் போனாள். வெளித் தண்ணீர் என்றால் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிவிடும், மட்டம் விழும். இப்போது வாளியை இறக்கிப் பார்த்தால் நூல் அதே இடத்தில் நிற்கிறது.

"பவுசர்காரர் மூண்டு பேரையும் விசாரிச்சிட்டன்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "இந்தப் படலைக்குள்ள ஒருத்தனும் வரேல்லை. ஒருத்தன் என்னட்டைக் கேட்டான், 'ஏன் அண்ணை, உங்களுக்குத் தண்ணி வேணுமோ' எண்டு. தண்ணி கூடிப்போச்செண்டுதான் வந்தனாங்கள் எண்டு சொன்னன்."

"அப்ப கிணறு நல்லது எண்டு எழுதிக் குடுத்திட்டுப் போகட்டோ?"

"எழுதும். நல்ல கிணறெண்டு கண்டுபிடிச்சதுக்கு உமக்கு ஆரும் மாலை போடாயினம், அவ்வளவுதான்."

வீட்டுக்குள்ளிருந்து சேவல் கூவியது. பைரவி திடுக்கிட்டுத் திரும்பினாள். சேவல் இல்லை, பரமலிங்கத்தின் கைத்தொலைபேசி. வீட்டுக்காரர் தோளில் துவாயோடு, கூவிக்கொண்டிருந்த அதைக் காதில் வைத்து "பிறகு கதைக்கிறன்" என்று அணைத்துவிட்டு, கிணற்றடிக்கு வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். மினுக்கிய வேட்டி, மினுக்கிய சிரிப்பு.

"என்ன பிள்ளை, இண்டைக்கும் தாகமோ?"

"ஓம் ஐயா. உங்கட தண்ணி விடுகுதில்லை."

"குடியும், குடியும். அதுக்கென்ன காசே? வேற ஏதும் பாக்கக் கிடக்கோ?"

"நீங்கள்தான் சொல்லவேணும்."

"என்னட்டை ஒளிப்பு மறைப்பு ஒண்டும் இல்லை. கேளும், சொல்லுறன்." அவர் குசினிப் பக்கம் திரும்பினார். "இஞ்சேரும், இவைக்குத் தேத்தண்ணி வையும்."

குசினி வாசலில் அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளையின் தலை தெரிந்து மறைந்தது. மூன்று தடவை வந்தும் அந்த அம்மாவின் குரலை பைரவி கேட்டதில்லை. தேத்தண்ணி வரும், தட்டு போகும், அவ்வளவுதான்.

பரமலிங்கம் உள்ளே போனதும் பஸ்ரியாம்பிள்ளை வெற்றிலையைத் துப்புவதற்குக் குசினியின் பின்பக்கம் போனார். போனவர் அங்கிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்த வாழையைப் பாரும். இதுவும் உம்மை மாதிரித்தான், என்ன முடிவெடுக்கிறதெண்டு தெரியாமல் நிக்குது."

குளித்த தண்ணீர் ஓடிவந்து சேருகிற இடத்தில் ஒற்றை வாழை. கீழ் இலைகள் ஓரமெல்லாம் கருகி, நெருப்பில் காட்டியது போலச் சுருண்டு தொங்கின. மேல் இலைகள் பச்சைப் பசேல் என்று விரிந்து நின்றன. பைரவி கிட்டப் போனாள். ஓரம் கருகுவது வெயிலால் அல்ல. உப்புத் தண்ணீர் குடித்த வாழைதான் இப்படிக் கருகும். ஆனால் மேலே ஒரு புள்ளி கருகல் இல்லை.

"அண்ணை, வாழை ஒரு இலை விட எத்தினை நாள் எடுக்கும்?"

"ஒம்பது, பத்து நாள். ஏன், சாப்பாட்டுக்கு நிக்கிறமோ?"

அவள் குருத்திலிருந்து கீழே எண்ணினாள். ஆறு பச்சை இலை. ஏழாவது இலை அரைவாசி கருகல். எட்டாவதிலிருந்து முழுக் கருகல்.

"ரெண்டு மாதம்," என்றாள். "ரெண்டு மாதத்துக்கு முன்னம் வரைக்கும் இந்த வாழை உப்புத் தண்ணிதான் குடிச்சிருக்கு. பிறகு நல்ல தண்ணி. ஆரும் கிணத்துக்குள்ள நல்ல தண்ணி ஊத்தேல்லை, அண்ணை. உப்பு வாறதை ஆரோ நிப்பாட்டியிருக்கினம்."

"உப்பை எப்பிடி நிப்பாட்டுறது? அதென்ன பஸ்ஸே?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. அவள் வாழையிலிருந்து நிமிர்ந்தாள். கண்ணுக்கு நேரே மதில் நின்றது. மூன்று நாளாகக் கிணற்றைப் பார்த்தவள், கிணற்றுக்குள் பார்த்தவள், கிணற்றைச் சுற்றிப் பார்த்தவள், அந்த மதிலுக்கு அங்கால் என்ன என்று ஒருதரமும் பார்க்கவில்லை. தன்னையே கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலிருந்தது.

குத்துக்கல் ஒன்றின்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். அங்கால் புதுக் கட்டடம். வரிசையாக எட்டு அறை, கூரையில் இரண்டு பெரிய கறுப்புத் தாங்கி. படகுத்துறைக்குப் போகிற குறிகட்டுவான் றோட்டோரம், இங்கிருந்தும் வாசிக்கிற மாதிரி, 'யாத்திரிகர் விடுதி' என்ற பெயர்ப்பலகை. நயினாதீவு அம்மனிடம் போகிற சனம் தங்குகிற இடம். அதன் கீழே மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: திருத்த வேலை காரணமாக மூடப்பட்டுள்ளது. பக்கத்தில் திகதி. சரியாக இரண்டு மாதத்துக்கு முந்திய திகதி.

"திருத்த வேலையாம்," என்றாள் பைரவி. "மணல் கும்பி எங்க? சீமெந்துப் பை எங்க? மேசன்மார் எங்க? அம்மன் கோயில் கொடியேற இன்னும் ரெண்டு கிழமை. வருசத்தில உழைக்கிற ஒரே மாதத்தில கடையைப் பூட்டி வைச்சிருக்கிறவன் ஆர்?"

பஸ்ரியாம்பிள்ளையும் பக்கத்தில் ஏறி எட்டினார். அவருடைய பார்வை மதிலோரமாக, கிணற்றிலிருந்து பதினைந்து அடிகூட இல்லாத தூரத்தில் நின்ற ஒரு சின்னச் சீமெந்து அறையில் நின்றது. அதற்குள்ளிருந்து தடித்த நீலக் குழாய் ஒன்று கூரைத் தாங்கிகளுக்குப் போனது. முதல்முறையாக அவருடைய முகத்தில் பகிடி இல்லை.

"குழாய்க் கிணறு," என்றார். "பெரிய மோட்டர். பிள்ளை, விளங்கிட்டுது. எங்கட ஊரிலயும் ஒருத்தன் உப்பிடிச் செய்துதான் நாலு கிணறு பாழாப்போனது. தீவில நிலத்துக்குக் கீழ இருக்கிறது கடல். அதுக்கு மேல நல்ல தண்ணி பாலாடை மாதிரி மெல்லிசாக் கிடக்கு. வாளியால அள்ளினா ஆடை வரும். மோட்டரைப் போட்டு உறிஞ்சினா ஆடை முடிஞ்சு கீழ கிடக்கிறது மேல வரும். சுத்திவர இருக்கிற கிணறெல்லாம் உப்பாகும். மோட்டரை நிப்பாட்டி ஒரு மாதம் ரெண்டு மாதம் விட்டா, திரும்ப ஆடை கட்டும்."

"இதை நீங்கள் சனிக்கிழமையே சொல்லியிருக்கக்கூடாதோ?"

"நீர் சனிக்கிழமை மதிலைக் காட்டேல்லையே."

பைரவி ஆத்திரத்தோடு கல்லிலிருந்து இறங்கினாள். விடுதிக்காரன் ஏன் மூடினான், ஆருக்காக மூடினான், எப்போது திறப்பான் என்பது இனித் தெரியவேண்டும். அவள் கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து பஸ்ரியாம்பிள்ளையின் நெற்றியில் மூன்று குறி இழுத்தாள்.

"மாதாவே," என்றார் அவர். "மன்னிச்சுக்கொள்ளும், இது உத்தியோக விசயம்."

விடுதியின் கேற்றில் நின்றவன் காவல்காரன் குருசுமுத்து. நாற்பது வயது, நித்திரை போதாத முகம். பஸ்ரியாம்பிள்ளை அவன் முன்னால் போய்க் கைகூப்பினார்.

"தம்பி, வவுனியாவில இருந்து ரெண்டு பஸ் வருகுது. நாப்பத்தைஞ்சு அடியார். இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மனிட்டப் போகினம். குளிச்சு, ஈரத்தோட படகேறவேணும். இடம் வேணும்."

"பூட்டியிருக்கு ஐயா. பலகையைப் பாக்கேல்லையே?"

"பலகையைப் பாத்தனான். வேலை ஒண்டையும் பாக்கேல்லை. அறை வேண்டாம், தம்பி. தண்ணி மட்டும் தாரும். மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்பிவிடும். எவ்வளவெண்டாலும் தாறம்."

குருசுமுத்து தலையைச் சொறிந்தான். "மோட்டர் போடக்கூடாதெண்டு முதலாளி சொன்னவர். பூட்டும் போட்டுத் திறப்பையும் கொண்டுபோட்டார். எனக்கே குளிக்கத் தண்ணி இல்லை, வீட்டை போய்த்தான் குளிக்கிறனான்."

"ஏனாம் போடக்கூடாது?" என்று பைரவி இடையில் கேட்டாள்.

"ஆருக்குத் தெரியும் அக்கா? ரெண்டு மாதமா நானும் கேக்கிறன். 'உன்ர வேலையைப் பார்' எண்டுறார்."

"நாப்பத்தைஞ்சு பேர், தம்பி," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "அம்மன்ர அடியாரைத் திருப்பி அனுப்பின பாவம் உமக்கேன்? ஒருக்கா எடுத்துக் கேளும். அவரே சொல்லட்டும்."

குருசுமுத்து அரைமனதோடு கைத்தொலைபேசியை எடுத்து இலக்கத்தை அழுத்தி, பைரவி தலையை ஆட்டியதும் சத்தத்தைக் கூட்டிவிட்டான். ஒரு தரம் மணி அடித்தது. இரண்டு தரம்.

மதிலுக்கு அங்கால், வீட்டுப் பக்கம், சேவல் கூவியது.

பைரவியும் பஸ்ரியாம்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சேவல் கூவி முடிந்தது. "என்னடா இப்ப?" என்ற பரமலிங்கத்தின் குரல் தொலைபேசியிலும் கேட்டது, மதிலுக்கு மேலாலும் கேட்டது.

"ஐயா, வெள்ளிக்கிழமை பின்னேரம் நாப்பத்தைஞ்சு பேர் வருகினமாம். மோட்டரைப் போடச் சொல்லிக் கேக்கினம்."

"எத்தினை தரமடா சொல்லுறது? வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் அதைத் தொடாதை. ரீச்சர் கையெழுத்து வைச்சாப் பிறகு விடிய விடிய ஓடவிடு. இப்ப வையடா, வீட்டில அந்த விசாரணைக்காரி நிக்கிறாள்."

"வீட்டில இல்லை ஐயா," என்றாள் பைரவி தொலைபேசியைப் பார்த்து. "உங்கட கேற்றடியில நிக்கிறன்."

தொலைபேசி டக்கென்று அணைந்தது.

"இந்தச் சேவல் ரெண்டு வளவுக்கும் சேர்த்துத்தான் கூவுது," என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

கிணற்றடிக்கு அவர்கள் திரும்பி வந்தபோது பரமலிங்கம் கதிரை போட்டு அமர்ந்திருந்தார். பயந்திருப்பார் என்று பைரவி எதிர்பார்த்தது பிழை. அந்த மினுக்கிய சிரிப்பு அப்படியே இருந்தது.

"கிணத்தில என்ன குறை? சொல்லும், பாப்பம்."

"கிணத்தில குறை இல்லை."

"நான் தண்ணியில ஏதும் கலந்தனானோ? பொய்க் கடுதாசி குடுத்தனானோ? நீர் மூண்டு தரம் வந்தனீர், நாலு வாளி குடிச்சனீர். ஏதாவது கேட்டதுக்குப் பதில் சொல்லாமல் விட்டனானோ?"

"மதிலுக்கு அங்கால இருக்கிற மோட்டர் உங்கடை எண்டு சொல்லேல்லையே."

"நீர் கேக்கேல்லையே. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் சொல்வதில் பிடிக்க ஒரு பிடியும் இல்லை. பொலிசுக்குப் போய் என்னவென்று சொல்வது? இவர் தன்னுடைய மோட்டரை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தார் என்றா? காப்புறுதிக் கம்பனியில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு சுத்தமான களவை அவள் பார்த்ததில்லை.

பஸ்ஸால் இறங்கி, பள்ளிக்கூடம் போகிற வழியில் தர்சனா ரீச்சர் படலைக்குள் வந்தாள். பைரவி அவளைக் கிணற்றடிக்குக் கூட்டி வந்தாள். ஒளிக்க ஒன்றுமில்லை, சுற்றி வளைக்கவும் ஏலாது. மோட்டர், வாழை, தொலைபேசி, எல்லாவற்றையும் நின்ற நிலையில் சொல்லி முடித்தாள்.

தர்சனா அழவில்லை. கிணற்றுக் கட்டில் கையை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

"வீட்டில அவர் நேற்றே உடுப்புப் பெட்டி அடுக்கத் தொடங்கிட்டார், அக்கா," என்றாள். "இந்த விறாந்தையில கதிரை போட்டு இருந்தா நான் பள்ளிக்கூடம் விட்டு வாறது தெரியுமாம். எனக்குக் கோபம் கோபமா வருது. ஆரோட கோபிக்கிறதெண்டு தெரியேல்லை."

"ரீச்சர், ஏன் கலங்குறீர்?" என்றார் பரமலிங்கம். "மோட்டர் போடமாட்டன் எண்டு ஒரு கடுதாசியில எழுதித் தாறன்."

"எழுதுவியள்," என்றாள் பைரவி. "கொடியேறினாப் பிறகு ராவு ராவா ஓடும். விடிய உப்புத் தண்ணி வந்தா, எந்தக் கடுதாசியைக் கரைச்சு அந்த மனுசனுக்குக் குடிக்கக் குடுக்கிறது?"

"அப்ப விடுங்கோ. கனடாவில இருந்து ரெண்டு பேர் கேட்டு நிக்கினம். அவை வாழை இலை எண்ண வராயினம்."

அந்த நேரத்தில்தான் இலட்சுமிப்பிள்ளை தேத்தண்ணித் தட்டோடு வந்தார். தட்டைக் கிணற்றுக் கட்டில் வைத்தார். வழக்கம்போலத் திரும்பிப் போகாமல் நின்றார்.

"பிள்ளை," என்றார் பைரவியைப் பார்த்து. "நீர் காணி உறுதியைப் பாத்தனீரோ?"

மூன்று நாளில் அந்த அம்மா பேசிய முதல் வசனம்.

"இல்லை அம்மா. அது நொத்தாரிசின்ர வேலை எண்டு விட்டிட்டன்."

"கிணத்தை உவ்வளவு பாத்தனீர். அதையும் ஒருக்காப் பாத்திருக்கலாம்."

"நான் பாத்தனான்," என்றாள் தர்சனா. "உங்கட பேர் கிடந்தது. ரெண்டு பேரின்ர பேரும் இருக்குமெண்டு நினைச்சன்."

"என்ர பேர் மட்டும்தான். இது என்ர சீதனம். அஞ்சு பரப்புக் காணி, ஒரே உறுதி. இந்த வீட்டுத் துண்டும் அதுக்குள்ள. அந்த விடுதி நிக்கிற துண்டும் அதுக்குள்ள."

பைரவி கண்ணை மூடித் திறந்தாள். கேள்வியெல்லாம் புருசனிடம் கேட்டு, தேத்தண்ணியை மட்டும் மனைவியிடம் வாங்கிக் குடித்திருக்கிறாள். காணிக்காரி மூன்று நாளாகத் தட்டோடு அவள் முன்னால் வந்து வந்து போயிருக்கிறார்.

"இஞ்சேரும், உள்ளுக்குப் போம்," என்றார் பரமலிங்கம். சிரிப்பைக் காணவில்லை.

இலட்சுமிப்பிள்ளை போகவில்லை. "ரீச்சர், நீங்கள் வெள்ளிக்கிழமை வாங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன், விலையும் அதேதான். ஆனா அந்த மதில் இருவதடி அங்கால தள்ளிப்போகவேணும். குழாய்க் கிணறும் மோட்டர் அறையும் உங்கட பக்கம் வரும். அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கோ. பிறகு மோட்டரைக் கழட்டுறதோ வைச்சிருக்கிறதோ உங்கட விருப்பம்."

"உமக்கென்ன விசரே?" பரமலிங்கம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "சட்டப்படி என்ர சம்மதம் இல்லாமல் நீர் ஒரு சாணும் விக்கேலாது. தெரியுமோ?"

"ஓம், தெரியும். என்ர கையெழுத்து இல்லாமல் நீங்களும் விக்கேலாது. விடுதிக்கு மேல்மாடி கட்ட இந்த வீட்டை விக்கவேணுமெண்டு நிண்டது நீங்கள். வேணுமெண்டா சம்மதியுங்கோ. வேண்டாமெண்டா விடுங்கோ, நான் என்ர வீட்டில இருக்கிறன்."

பரமலிங்கம் திரும்பக் கதிரையில் இருந்தார். பஸ்ரியாம்பிள்ளை நெற்றியில் திருநீற்றோடு தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"இன்னொண்டும் எழுதவேணும், ரீச்சர்," என்றார் இலட்சுமிப்பிள்ளை. இப்போது குரல் கொஞ்சம் தளம்பியது. "விடுதிப் பக்கம் குடியிருக்கப் போனாலும் கிணத்தில ஒரு பங்கு. வழியும் சேர்த்து. காலமை ஒரு குடம், பின்னேரம் ஒரு குடம். வாளியாலதான் அள்ளுவன். உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன்."

தர்சனா அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள். அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. "ஒரு குடமில்லை அம்மா, உங்களுக்கு வேண்டியதை அள்ளுங்கோ. உங்கட குடும்பத்தின்ர பேரில பங்கெண்டே எழுதுவம்."

"குடும்பத்தின்ர பேரில வேண்டாம். என்ர பேரில மட்டும் எழுதுங்கோ."

"அப்ப நான் என்னத்தைக் குடிக்கிறது?" என்று கேட்டார் பரமலிங்கம்.

இலட்சுமிப்பிள்ளை தட்டில் மிஞ்சியிருந்த கோப்பையை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தார்.

"நீங்கள் மோட்டர் போட்ட நாளில இருந்து மூண்டு வருசம் நான் ரெண்டு கானோட சந்திக் குழாய்க்கு நடந்தனான்," என்றார். "வழி எனக்குத் தெரியும். காட்டித் தாறன்."